செக்கிங் டேபிளுக்கு வந்த ஊட்டிக்காரி

எங்கள் வீட்டில் முதன்முதலில் ஓர் அவையின் முன் எழுந்து நின்று சூளுரைத்தவள் நானல்ல, என் அம்மா. இதை எழுதும்போது எனக்குச் சற்றே பொறாமையாக இருக்கிறது. பேச்சுப் போட்டிகளில் நான் வென்று வந்த கேடயங்கள் எங்கள் அலமாரியின் மேல்தட்டை நிறைத்து நிற்கின்றன. தலைப்பை ஆதரித்தும் எதிர்த்தும் ஒரே மூச்சில் பேசக் கூடியவள் என்று என் ஆசிரியர்கள் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அம்மாவின் அந்த ஒற்றைப் பேச்சுக்குக் கிடைத்த அவை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. மலையிறங்கிக் கொண்டிருந்த பேருந்தின் நடைவழிதான் அவளுடைய மேடை. பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவுப் பெண்கள்தாம் அவையோர். பேசுபொருள், பிளாஸ்டிக் கிண்ணமொன்றில் இருந்த ஊதாப் பூச்செடி.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்தேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா ஒரு கம்பெனியில் டெய்லர். அம்மா இன்னொரு கம்பெனியில் செக்கிங். தைத்து முடிந்த பனியன்கள் அவள் மேசைக்கு வரும். ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை, ட்ரிம்மர் என்று எல்லோரும் சொல்லும் சின்னக் கத்தரியால் நறுக்குவாள். பிசிறோடு ஒரு பீஸ் அவள் கையைத் தாண்டிப் போனதில்லை என்பது அந்தப் பிரிவே ஒப்புக்கொண்ட செய்தி.

பிரிவில் பெரும்பாலோர் இந்த மண்ணின் பெண்கள். குன்னத்தூரிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் கம்பெனி வேனில் வந்து போகிறவர்கள். சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போட்டுப் பேசும் அவர்கள் நடுவில், ‘வாரேன்’, ‘சொல்லுதா’, ‘ஏட்டி’ என்று என் அம்மாவின் பேச்சு தனியாகக் கேட்டது. அவள் வாயைத் திறந்தால் யாராவது ஒருத்தி அதே போலச் சொல்லிக் காட்டுவாள். மேசை முழுக்கச் சிரிக்கும். அந்தக் கேலியில் விஷம் இல்லை, ஆனால் ஓய்வும் இல்லை. முதலில் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு கம்பெனியில் பேசுவதைக் குறைத்தாள். ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: “வாயத் தொறந்தாலே சிரிக்காளுவ. ஊமையாட்டம் இருந்துட்டு வாரேன்.” ஊரில் எங்கள் தெருவே கேட்கப் பேசியவள் அவள்.

அம்மாவைப் போலப் பேசிக் காட்டுவதில் முதல் பரிசு பெறத்தக்கவர், மேசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் குன்னத்தூர்க்காரர். நான் அவரைக் குன்னத்தூர் அத்தை என்று அழைப்பேன். அம்மாவைவிட வயதில் இளையவர். மதியச் சோற்றை அவளோடு பங்கிட்டு உண்பவர். அவளைச் சீண்டாமல் ஒரு நாளையும் கழிக்காதவர். இரண்டையும் ஒரே அன்போடுதான் செய்தார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அந்தக் கோடையில் கம்பெனி எல்லோரையும் ஊட்டிக்கு டூர் அழைத்துப் போனது. ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டி வரலாம் என்றதால் நானும் போனேன். பூங்காவின் வாசலில் ஒருவர் சின்னச் சின்னக் கிண்ணங்களில் செடி விற்றுக்கொண்டிருந்தார். இலை ஒவ்வொன்றும் வெல்வெட்டுத் துணியைப் போல. நடுவில் ஒரு கொத்து ஊதாப் பூ, அதன் மையத்தில் மஞ்சள் புள்ளி. அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். வெயிலே படக் கூடாது, வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தால் போதும் என்றார் அவர். இலைமேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இலை இடுக்கில் வரும் பக்கக் குருத்துகளை மட்டும் விடாமல் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் செடி பூக்காது என்றும் சொன்னார். அந்தக் கடைசி அறிவுரை அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. வேண்டாததை நறுக்கி எறிவதுதானே அவள் தொழில்.

திரும்பும் வழியில் அவள் அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்து, முந்தானையால் காற்றை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கொண்டையூசி வளைவுகளில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். செடி மட்டும் சாயவில்லை. முன் இருக்கையிலிருந்து குன்னத்தூர் அத்தை திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க்கா, மேட்டுப்பாளையம் எறங்கறதுக்குள்ள இது வாடிப் போயிருமுங்க. நம்மூருத் தண்ணிக்கு மனுசனே தாங்கறதில்லீங்க, இது தாங்குமாக்கும்.”

வாடாது, பூக்கும் என்று அம்மா சொன்னாள். பின்னாலிருந்து ஒரு குரல், “பூக்கும்ட்டி” என்று அவளைப் போலவே சொன்னது. பேருந்து சிரித்தது. அப்போதுதான் அம்மா எழுந்தாள். ஒரு கையில் கிண்ணம், மறுகையில் மேல்கம்பி. நான் பார்த்த மேடைகளில் எதிலும் பேச்சாளர் அவ்வளவு ஆடிக்கொண்டு நின்றதில்லை. அவ்வளவு உறுதியாகப் பேசியதும் இல்லை.

“ஆயுத பூசைக்கு இந்தச் செடி நம்ம டேபிள்ல பூவோட நிக்கும். நிக்கலன்னா அன்னைக்குப் பூரா நான் ஒங்கள மாதிரி ங்க போட்டுப் பேசுதேன். நின்னுச்சுன்னா நீ என்னைய மாதிரிப் பேசணும். ஒரு நாள் பூரா. சம்மதமா?”

“சம்மதமுங்க,” என்றார் அத்தை. “இப்பத்திருந்தே பழகிக்குங்க்கா. அப்புறம் நாக்கு சுளுக்கிக்கும்.”

கைதட்டல் எழுந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும் அம்மா என்னிடம் சொன்னது வேறு: “வெளையாட்டுக்குச் சொல்லலட்டி. எம்பேச்ச நான் மாத்திக்கிட மாட்டேன். இது பூத்தாகணும்.”

நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரு கூடம், ஒரு சமையல் இடம், ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் ஒரு முழத் தூரத்தில் அடுத்த லைனின் சுண்ணாம்பு அடித்த சுவர். காற்றும் வராது, வெயிலும் வராது. அந்த வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் வரும். அதுவரை அந்த ஜன்னலை நாங்கள் சபித்தே வந்தோம். ஊட்டிக்காரிக்கோ அதுவே உகந்த இடமாக அமைந்தது. ஊட்டிக்காரி என்பது குன்னத்தூர் அத்தை வைத்த பெயர். அதன் உண்மைப் பெயர் ஆப்பிரிக்க வயலட் என்பதைப் பிற்பாடு ஒரு நூலகப் புத்தகத்தின் வண்ணப் படத்தில் கண்டேன். வீட்டில் சொன்னபோது அம்மா அதை ஏற்கவில்லை. ஆப்பிரிக்கா எங்கேயோ இருக்கட்டும், நாம் கூட்டி வந்தது ஊட்டியிலிருந்துதானே என்றாள். வாதத்தில் எனக்குப் பயிற்சி உண்டு. ஆனாலும் அன்று நான் வாதிடவில்லை.

முதல் ஆபத்து தண்ணீரில் வந்தது. எங்கள் குழாயில் எப்போதும் வருவது போர்வெல் தண்ணீர். குடத்தில் வெள்ளைப் படலம் கட்டும் உப்பு. அதை ஊற்றியதும் மண்ணின்மேல் சுண்ணாம்பு பூத்தது, இலையோரம் தீய்ந்தது, வாங்கும்போது இருந்த பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி விழுந்தன. குடிக்கிற நல்ல தண்ணீரோ என்றைக்காவது ஒருநாள்தான் வரும். வந்த அன்று குடங்கள் தெருவில் பிள்ளைகளைப் போல வரிசையில் நிற்கும். அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு டம்ளரைச் செடிக்கென்று அம்மா ஒதுக்கினாள். அப்பா, தமக்கும் ஒரு வேர் இருந்திருந்தால் இந்த வீட்டில் மரியாதை கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் முதல் தம் டம்ளரில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

வேலைக்குப் போன பிறகு மண் காயும். நான் ஊற்றினால் இலையில் படும். அதற்கும் அப்பாவே வழி கண்டார். கம்பெனியில் தரையெங்கும் கிடக்கும் கட்டிங் வேஸ்ட்டிலிருந்து வெளுத்த பனியன் துணியின் நீண்ட கீற்று ஒன்றைக் கொண்டு வந்தார். கிண்ணத்தின் அடித்துளை வழியே அதன் ஒரு முனையை மண்ணுக்குள் செருகி, மறுமுனையைக் கீழே இருந்த தண்ணீர் டப்பாவில் தொங்கவிட்டார். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் துணி தண்ணீரை இழுத்தது. வெளுக்காத துணி தண்ணீரைக் குடிக்காது என்றும், சாயத் துணி என்றால் சாயத்தை விடும் என்றும் காரணம் சொன்னார். திருப்பூரில் மனிதர்கள் மட்டுமல்ல, ஒரு செடிகூடப் பனியனை நம்பிப் பிழைக்கிறது என்று அன்று நான் ஒரு வாக்கியம் அமைத்தேன். பின்னாளில் அதை ஒரு போட்டியில் பயன்படுத்தினேன். கைதட்டல் கிடைத்தது.

அடுத்தது பஞ்சு. பக்கத்துச் சந்தில் ஒரு நிட்டிங் யூனிட் ஓடியது. கண்ணுக்குத் தெரியாத பஞ்சு பறந்து வந்து எங்கள் சோற்றுப் பானையிலும் கொடியிலும் படியும். மயிரடர்ந்த அந்த இலைகளிலோ ஒட்டிக்கொண்டு போகவே போகாது. அம்மா பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, குழந்தையின் புருவத்தைத் தடவுவதுபோல, ஒவ்வோர் இலையையும் துடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிரஷ்ஷை வைத்துவிட்டு ட்ரிம்மரை எடுப்பாள். கிண்ணத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, இலை இடுக்கில் எட்டிப் பார்க்கும் மெல்லிய குருத்துகளை நறுக்கெனக் கிள்ளுவாள். “பிசிறு” என்பாள். அந்த ஒரு சொல்லில் அத்தனை நிறைவு இருக்கும்.

பள்ளி விட்டு வந்ததும் நான் அந்த ஜன்னலின் முன் நின்றுதான் பேச்சுப் பயிற்சி செய்வேன். ஊட்டிக்காரிதான் என் முதல் நடுவர். கையை எங்கே உயர்த்த வேண்டும், குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் அவள் முன்தான் வகுத்தேன். என் ஆசிரியை என் நாவிலிருந்து ‘வாரேன்’ என்பதையும் ‘சொல்லுதா’ என்பதையும் பொறுமையாக நீக்கிக்கொண்டிருந்த காலம் அது. மேடையில் நின்றால் நான் எந்த ஊர்க்காரி என்று எவராலும் சொல்ல முடியாது. அது எனக்குப் பெருமை. சமையலிடத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, நல்லா இருக்கு, ஆனா நீ பேசுத மாதிரி இல்ல என்பாள். அந்த ‘ஆனா’வை நான் அன்று விமர்சனமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

செடி தழைத்தது. இலைமேல் இலை வைத்து, கிண்ணத்தையே மறைத்து, ஒரு தட்டுப் போல வட்டமாக விரிந்தது. பூ மட்டும் வரவில்லை. கம்பெனியில் ஒவ்வொரு காலையும் குன்னத்தூர் அத்தை, ஊட்டிக்காரி குளிச்சாச்சா, சாப்ட்டாச்சா, தலைக்குப் பூ வெச்சாச்சா என்று வரிசையாக விசாரிப்பாராம். மற்றவர்கள் அம்மாவுக்கு ‘ங்க’ பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வாங்க, போங்க, ஏனுங்க, ஆமாங்க என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளைப் போலத் திருப்பிச் சொல்வார்களாம். அம்மா இதையெல்லாம் வீட்டில் வந்து சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சொல்லி முடித்ததும் ஜன்னலுக்குப் போய் நிற்பாள். தெம்பில்லாமல் இருக்கிறது என்று டீத்தூள் போட்டுப் பார்த்தாள். வெளிச்சம் போதவில்லை என்று மாலையில் டியூப்லைட்டுக்கு அடியில் ஸ்டூலில் வைத்துப் பார்த்தாள். பக்கக் குருத்து இருந்தால்தான் பூக்காது என்றார்களே என்று, இன்னும் கவனமாகத் தேடித் தேடி நறுக்கினாள்.

ஆயுத பூஜை நெருங்கியபோது ஷிப்மெண்ட் வந்தது. பண்டிகைக்கு முன் கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும் என்று அம்மாவின் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடியது, ஞாயிறும் வேலை. பல வாரங்கள் அவள் வீட்டுக்கு வருவதும் படுப்பதும் எழுவதும் போவதுமாக இருந்தாள். செடியின் பக்கம் திரும்ப அவளுக்கு நேரமில்லை. டப்பாவில் தண்ணீர் நிரப்பும் ஒரே வேலை என்னிடம் விடப்பட்டது. அதை ஒழுங்காகச் செய்தேன். இலைகளுக்கு நடுவே ஏதோ மெல்லிய காம்புகள் நீண்டு வளைந்திருப்பதையும் பார்த்தேன். அம்மா இல்லாததால் பிசிறு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நதிநீர் பற்றிய என் உரையைத் தொடர்ந்தேன். எங்கள் வீட்டில் வெட்டும் அதிகாரம் ஒருத்திக்கு மட்டுமே உண்டு.

கன்டெய்னர் கிளம்பியது. பூஜைக்கு முந்திய ஞாயிறு அம்மாவுக்கு விடுமுறை. காலையில் காப்பியைக் குடித்துவிட்டு ட்ரிம்மரோடு ஜன்னலுக்குப் போனாள்.

“பாத்தியாட்டி, கொஞ்ச நாள் நான் பாக்கலன்னா எம்புட்டுப் பிசிறு.”

நறுக்கென்ற ஓசை கேட்டது. முதல் காம்பு தரையில் விழுந்தது. இரண்டாவதைப் பிடித்தவள், பழக்கத்தினால், வெட்டுவதற்கு முன் அதைக் காலரைத் திருப்புவதுபோல வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ட்ரிம்மரின் வாய் திறந்தே நின்றது. காம்பின் நுனியில், மிளகளவு பச்சைக் குமிழ்கள். அவற்றில் ஒன்று இலேசாகப் பிளந்து, உள்ளே ஊதா தெரிந்தது.

அம்மா தரையில் விழுந்ததைக் குனிந்து எடுத்தாள். அதன் நுனியிலும் அதே குமிழ்கள் இருந்தன. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். பக்கக் குருத்து வருவதும் இலை இடுக்கில்தான். பூக்காம்பு வருவதும் அதே இடுக்கில்தான். தலை நீட்டியவுடன் நறுக்கினால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அவளுடைய கண்ணுக்குத் தப்பி ஒன்றும் வளர்ந்ததில்லை என்பதால், வளர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அவள் பார்த்ததே இல்லை.

“பூத்துக்கிட்டேதாம்ட்டி இருந்திருக்கு,” என்றாள் மெதுவாக. “நாந்தான் ரிஜெக்ட் பண்ணிக்கிட்டே இருந்திருக்கேன்.”

அப்பா வந்து பார்த்தார். அவள் கையிலிருந்த ட்ரிம்மரை வாங்கி, அலமாரியின் மேல்தட்டில், என் கேடயங்களுக்குப் பின்னால் வைத்தார். அம்மா முதலில் முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். செடியில் இன்னும் மூன்று காம்புகள் இருந்தன. அந்த வாரம் முழுவதும் நாங்கள் ஜன்னலருகே மெல்லத்தான் நடந்தோம். நான் உரையைக்கூடத் தாழ்ந்த குரலில் பேசினேன்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி போகாத தொழிலாளி திருப்பூரில் எந்த மதத்திலும் இல்லை. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகும் நாங்கள் அன்று காலை புதுத் துணி உடுத்தி அம்மாவின் கம்பெனிக்குப் போனோம். அப்பாவின் மொபெட்டில் பின்னால் அம்மா. அவள் மடியில் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் ஊட்டிக்காரி, காற்றுப் படாமல் மேலே வெள்ளைப் பனியன் துணி. நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

மெஷின்களெல்லாம் துடைத்து எண்ணெயிட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, அந்தக் கூடமே கல்யாண வீடாக இருந்தது. வழக்கமான இரைச்சல் இல்லாததால் பொரியை மெல்லும் ஓசைகூடக் கேட்டது. செக்கிங் டேபிளில் ட்ரிம்மர்களை வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார்கள். அவற்றின் நடுவே அம்மா செடியை இறக்கி வைத்துத் துணியை எடுத்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஊதாப் பூக்கள் விரிந்து நின்றன. மலையில் வாங்கியபோது இருந்ததைவிடக் குறைவுதான். ஆனால் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. எல்லோரும் குன்னத்தூர் அத்தையைப் பார்த்தார்கள். அவர் இதழ் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக் பூவா என்று சோதித்திருக்க வேண்டும். பிறகு தொண்டையைச் செருமினார்.

“ஏட்டி,” என்றார் அம்மாவைப் பார்த்து. “நல்லாத்தாட்டி பூத்திருக்குதுங்க.”

கூடம் அதிர்ந்தது. அம்மா சிரிக்கவில்லை. நடுவரைப் போல நிமிர்ந்து நின்றாள்.

“மூத்தவள ஏட்டின்னு சொல்லக் கூடாது. எக்கான்னு சொல்லணும். கடைசில ங்க வராது. திருப்பிச் சொல்லு.”

“எக்கா,” என்றார் அத்தை, பாடம் ஒப்பிக்கும் பிள்ளையாக. “எக்கா, நல்லாப் பூத்திருக்கு, என்னா?”

“ஆங்,” என்றாள் அம்மா. “இப்ப சரி.”

அன்று முழுவதும் அவர் வாக்கை மீறவில்லை. பொரி கேட்பதையும் சுண்டல் கேட்பதையும்கூட எங்கள் ஊர்ப் பேச்சில் தடுமாறித் தடுமாறிக் கேட்டார். ஒவ்வொரு தடுமாற்றத்தையும் அம்மா திருத்தினாள். திருத்தத் திருத்த அம்மாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. மற்றவர்களும் வந்து, இதை உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவீங்க, அதை எப்படிச் சொல்லுவீங்க என்று கேட்டார்கள். சிரிப்பும் இருந்தது, ஆனால் அது அவளுக்கு எதிர்ப்புறத்திலிருந்து வரவில்லை. தெருவே கேட்கப் பேசிய அந்தக் குரலை நான் திருப்பூரில் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். கிளம்பும்போது அம்மா செடியிலிருந்து ஒரு முழு இலையைக் காம்போடு கிள்ளி, ஈரத் துணியில் சுற்றி அத்தையிடம் கொடுத்தாள். காம்பை மண்ணில் செருகி வைத்தால் அதுவே புதுச் செடியாகும் என்று நூலகப் புத்தகத்திலிருந்து நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். என் கல்வி அந்தச் செடிக்குச் செய்த ஒரே உதவி அது.

இப்போது நான் கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். என் அறை ஜன்னலில் ஊட்டிக்காரியின் பேத்தி ஒருத்தி வெள்ளைப் பனியன் கீற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முன்னால் நின்றுதான் இன்றும் பயிற்சி செய்கிறேன். எந்த ஊரும் தெரியாத என் மேடைத் தமிழில் எனக்குள்ள பெருமை குறையவில்லை. ஆனாலும் பேசி முடித்ததும், சமையலிடத்திலிருந்து வரவேண்டிய ‘ஆனா’ ஒன்றுக்காகக் காது கொஞ்சம் காத்திருக்கிறது.

சென்ற விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். மறுமுனையில் குன்னத்தூர் அத்தை. அந்தக் கம்பெனியை விட்டு அவரும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். ஒரு நாளுக்கென்று ஏற்றுக்கொண்ட அந்த ‘எக்கா’ மட்டும் அவர் வாயை விட்டுப் போகவில்லை.

“கண்ணு, எக்கா இருக்காங்களா? நம்மூட்டு ஊட்டிக்காரி இந்த வருசம் மொட்டே வெக்கலைங்கன்னு சொல்லு கண்ணு. எலை மட்டும் தளதளன்னு நிக்குது.”

நான் அதை அப்படியே உரக்கச் சொன்னேன். கிரைண்டர் இரைச்சலையும் மீறி, தெருவுக்கே கேட்கும்படி அம்மா கத்தினாள்:

“கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுட்டி அவள!”